பட்ட மரத்தை நிற்க விடுங்கள்

மரமே அரிதான பாலைவனத்தில் ஒரு மரங்கொத்தி வாழ்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் அதை ஒட்டிய வடமேற்கு மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சோனோரா பாலைவனத்தில் கோடை வெயில் 40 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ஓடைக்கரைகளை விட்டால் கொத்திக் குடையத் தக்க மரம் அங்கே கிடைப்பது கடினம். ஹீலா மரங்கொத்தி அதற்காக ஊரை விட்டுப் போகவில்லை. சாகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளியைத் தன் மரமாக்கிக் கொண்டது.

ஏறக்குறைய மைனா அளவுள்ள பறவை அது. முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், தவிட்டு நிறக் கழுத்து. ஆணுக்கு மட்டும் உச்சந்தலையில் ஒரு சிவப்புத் திட்டு. முள்ளடர்ந்த கள்ளியின் தோலைக் குத்தி உள்ளே கைப்பிடி அகலத்துக்குக் குடையும். காயம் பட்ட கள்ளி சும்மா இருப்பதில்லை. நீரை இழக்காமலிருக்கப் பிசினைச் சுரந்து, பொந்தின் உட்சுவர் முழுவதையும் கட்டியாக மூடிக்கொள்கிறது. அந்தச் சுவர் காய்ந்து இறுகப் பல மாதங்கள் ஆகும். பறவையும் காத்திருக்கிறது, குடைந்த உடனே அதில் முட்டையிடுவதில்லை. காய்ந்த பிறகு கிடைக்கும் அறை பகலில் வெளியைவிடக் குளிர்ச்சி, இரவில் வெளியைவிட வெதுவெதுப்பு. கள்ளி செத்து மட்கிப் போனாலும் அந்தப் பொந்தின் ஓடு மட்டும் சாடி போல மணலில் கிடக்கும். அந்நிலத்தின் பழங்குடி மக்கள் அதை எடுத்துப் பாண்டமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பறவைக்கும் கள்ளிக்கும் உள்ள உறவு வீட்டோடு முடிவதில்லை. சாகுவாரோவின் பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. பழம் பழுத்தால் தின்று விதையைப் பரப்புகிறது. மற்ற நாளெல்லாம் பூச்சி பிடிக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி இரண்டு வாரம் அடைகாக்கும். ஓர் இணை ஓராண்டில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறைகூடக் குஞ்சு பொரிக்கும். குடைந்தவர்கள் போன பிறகு வீடு காலியாக இருப்பதில்லை. நாற்பது கிராம் எடையே உள்ள குட்டி ஆந்தை, ஈப்பிடிப்பான், பல்லி, ஓணான் என்று வரிசையாக வந்து குடியேறுகின்றன. தனக்கெனப் பொந்து குடையத் தெரியாத உயிர்களுக்கெல்லாம் பாலைவனத்தில் வீடு கட்டித் தருவது இந்த ஒரு பறவையும் அதன் உறவான பொன்னிற மரங்கொத்தியும்தான்.

இதில் மலேசியாவின் மலாக்கா மாநிலத் தமிழர் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. சாகுவாரோ தன் முதல் கையை விடுவதற்கே ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் அது வாழும். பாலைவன மரங்கொத்திக்கு இடம் கிடைப்பது அங்கே தாவரம் மிகுந்திருப்பதால் அல்ல; இருக்கும் சில தாவரங்கள் முதுமை அடைய விடப்பட்டிருப்பதால். மலாக்காவில் நிலைமை நேர் எதிர். ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை எந்தச் சாலையில் போனாலும் இரு பக்கமும் மரம்தான்: செம்பனை, பால்மரம், தாமான் ஓரத்து நிழல்மரம். ஆனால் அவற்றில் கிழ மரம் எத்தனை? பட்டுப்போய், உச்சி முறிந்து, உள்ளே உளுத்து, அப்படியே நின்றுகொண்டிருக்கும் மரம் எத்தனை? மரங்கொத்திக்கு வேண்டியது அந்த மரம்தான். அதைத்தான் யாரும் நிற்க விடுவதில்லை.

மலாக்காவின் தோட்டக் கதை 1896இல் தொடங்குகிறது. டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர், தாவரவியலாளர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பிறகு குனோங் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசஹானில் மூவாயிரம் ஏக்கர். அந்த நிரைகளில் பால் வெட்டக் கப்பலேறி வந்தவர்கள் தமிழர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன தோட்டக் கதைகளில் யானையும் புலியும் பாம்பும் வரும். மரங்கொத்தி அவ்வளவாக வராது. ஆனால் இருட்டோடு பிரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்குப் போய், விடியும் முன் கத்தியோடு நிரையில் இறங்கியவர்களுக்கு அந்தத் தட்டல் ஓசை தெரியாமலிருந்திருக்காது. பால்மரக் காட்டில் அது நெடுந்தூரம் கேட்கும்.

அந்த ஓசைக்குரியவற்றில் முதலிடம் பொன்முதுகு மரங்கொத்திக்கு. தோட்டமும் தென்னந்தோப்பும் அலையாத்திக் காடும் கிராமத்துக் கொல்லையும் அதற்கு ஒத்துப்போன இடங்கள். முப்பது சென்டிமீட்டர் நீளம். முதுகில் பொன் மஞ்சள், பிட்டத்தில் சிவப்பு. ஆணுக்குக் கொண்டை செக்கச்செவேலென்று இருக்கும். பெண்ணுக்குக் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. மற்ற மரங்கொத்திகள் பலவற்றுக்குக் காலில் நான்கு விரல், இதற்கு மூன்றே. எறும்பும் வண்டின் புழுவும்தான் உணவு. ஆண்டின் முதல் பாதியில் அதிகமாகக் கூடு வைக்கும். அது தேடிப் போகும் இடம், கடலோரக் கம்பங்களில் ஒரு காலத்தில் தாராளமாக நின்ற மொட்டைத் தென்னை. இடி விழுந்தோ வண்டு தின்றோ குருத்து போய், கழி மட்டும் நிற்கும் தென்னை. தஞ்சோங் கிளிங் தொடங்கி உம்பாய், செர்க்காம், மெர்லிமாவ் வரை அந்தக் கரையில் தென்னை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இருக்கும் தோப்புகளிலும் மொட்டைத் தென்னையை வெட்டிச் சாய்ப்பது பராமரிப்பின் முதல் வேலையாகக் கருதப்படுகிறது.

அதற்கு அடுத்தவர்கள்: சிட்டுக்குருவி அளவே உள்ள குள்ள மரங்கொத்தி, நகரத்துச் சாலை மரங்களின் காய்ந்த கிளையிலும் வாழ்ந்துவிடும். வயிற்றில் மீன்செதில் போன்ற கோடுகளுள்ள பச்சை மரங்கொத்தி, தோட்டத்துக்கும் சதுப்புக்கும் இடையில் உலவும். செம்பழுப்பு மரங்கொத்தியின் வாழ்க்கைதான் எல்லாவற்றிலும் விந்தை. கடிப்பதற்குப் பேர்போன ஓர் எறும்பினம் மரத்தில் உருண்டையாகக் கட்டும் கூட்டைக் குடைந்து, அதற்குள்ளேயே முட்டையிடும். எறும்பும் அதன் புழுக்களும் அப்பறவைக்குச் சாப்பாடு. ஆனாலும் கூடு கலையாமல் இருக்கிறது. எறும்புகள் தங்கள் கூட்டிலேயே பறவையின் குஞ்சுகளை வளர விடுகின்றன. ஏன் என்பதை ஆராய்ந்தவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் பத்துக்கு மேற்பட்ட மரங்கொத்தி இனங்கள் ஒரே இடத்தில் வாழ்கின்றன. உலகில் இப்படி அமைந்த இடங்கள் மிகக் குறைவு. ஒன்று அடிமரத்தில் மேயும், ஒன்று உச்சிக் கிளையில். ஒன்று எறும்பைத் தேடும், ஒன்று பட்டைக்குள் ஒளிந்த புழுவை. தாழ்நில மழைக்காடு கிழவர் முதல் குழந்தைவரை எல்லா வயது மரத்தையும் வைத்திருப்பதால் இது முடிகிறது. உலகில் இன்று உயிரோடிருக்கும் மரங்கொத்திகளில் மிகப் பெரியது, ஐம்பது சென்டிமீட்டர் நீளமுள்ள சாம்பல் நிறப் பெரிய மரங்கொத்தி, இத்தகைய காடுகளையே நம்பி வாழ்கிறது. காடு போகப் போக அதன் எண்ணிக்கையும் சரிந்து, 2010இல் அழிவுக்கு உள்ளாகக்கூடியவற்றின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மலாக்காவில் காடு என்று சொல்ல மிச்சமிருப்பது சுங்கை ஊடாங், புக்கிட் செடானான், புக்கிட் செங்கே போன்ற சில ஒதுக்கக் காடுகளும், போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் தனித்து நிற்கும் மலாக்காவின் நிலத்துண்டான தஞ்சோங் துவானும்தான். மற்றதெல்லாம் தோட்டமும் நகரமும்.

தென் தாய்லாந்தில் தாழ்நிலக் காட்டையும், அக்காட்டை அழித்து உண்டாக்கிய ரப்பர், செம்பனைத் தோட்டங்களையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு, தோட்டமான இடங்களில் பறவை இனங்கள் குறைந்தது 60 விழுக்காடு குறைந்துவிட்டன என்பது. மலாக்காவுக்கும் அந்நிலத்துக்கும் வானிலையிலும் பறவை வகையிலும் பெரிய வேறுபாடில்லை. காட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது உண்மைதான். அதனாலேயே, தோட்டம் தோட்டமாக இருந்துகொண்டே எத்தனை உயிர்களுக்கு இடம் தரலாம் என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது.

தோட்டம் ஒரு மரத்துக்கு எவ்வளவு வயது கொடுக்கிறது? செம்பனைக்கு இருபத்தைந்து ஆண்டு, பால்மரத்துக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது. அதன்பிறகு மறுநடவு. பொந்து விழத் தொடங்கும் வயதில் மரம் போய்விடுகிறது. பழைய நாளில் பால் வற்றிய மரம் புகைக்கூட்டுக்கு விறகாகும் வரை ஓரத்தில் சில காலம் நின்றது. 1980களிலிருந்து ரப்பர்க் கட்டைக்கு நாற்காலி மேசைச் சந்தையில் நல்ல விலை. மலாக்காவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் வரும் மூவார் அந்தத் தொழிலின் பெரிய மையம். இன்று ஒரு பால்மரம் கூட வீணாக நிற்பதில்லை. தொழிலுக்கு அது நல்லது. ஆனால் அந்த ‘வீணாக’ நின்ற மரத்தில்தான் பறவை குடியிருந்தது.

மரம் கடினமாக இருந்தால் அலகை மேலும் பலமாக ஓங்கினால் போதாதா என்று தோன்றலாம். மரங்கொத்தியின் தலைக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு போன்ற அமைப்பு இருக்கிறது என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லி வந்தன. 2022இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு, வேகப் படக்கருவியால் மரங்கொத்திகளைப் படமெடுத்து ஆராய்ந்தது. அப்படித் தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை. மண்டை சுத்தியல் போல இறுகியே இயங்குகிறது. மூளை சிறியதாக இருப்பதால்தான் அடி தாங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆக, ஒவ்வோர் அடிக்கும் பறவை தன் உடலையே செலவழிக்கிறது. வைரம் பாய்ந்த மரத்தை விட்டுவிட்டு, காளான் புகுந்து உள்ளே மெத்தென்று ஆன மரத்தைத் தேடிப் போவது சோம்பலால் அல்ல, பிழைப்புக்காக. பட்ட மரத்தை அகற்றிவிட்டு, ‘பக்கத்தில்தான் ஆயிரம் பச்சை மரம் இருக்கிறதே’ என்று சொல்வதில் பொருளில்லை.

பொந்து என்பது எத்தனை அரிய சொத்து என்பதைச் செம்பனைத் தோட்டங்களே நிரூபித்திருக்கின்றன. 1960களின் இறுதியில் ஜொகூரில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கூகை கூடு வைத்தது கண்டறியப்பட்டது. எலி மிகுந்த செம்பனைக் காட்டில் கூகைக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதற்கு இல்லாதது வீடு. கூகையால் மரத்தைக் குடைய முடியாது. பிறகு தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டு, பலகைப் பெட்டி செய்து, ஐந்து பத்து ஹெக்டருக்கு ஒன்று என்று மாட்டின. கூகை வந்தது, பெருகியது, எலியைத் தின்றது. தீபகற்ப மலேசியாவின் செம்பனை உலகில் இது பெருமையாகச் சொல்லப்படும் வெற்றி, பெருமைக்கு உரியதும்கூட. ஆனால் அந்த வெற்றி சொல்லும் இன்னொரு செய்தியை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. பெட்டி மாட்டிய உடனே பறவை வந்ததென்றால், அதற்கு முன் அந்தக் காட்டில் பொந்தே இல்லை என்று பொருள். பட்ட மரமும் அதைக் குடைய ஒரு மரங்கொத்தியும் இருக்கும் இடத்தில் கூகையைவிடச் சிறிய எத்தனையோ உயிர்களுக்குப் பெட்டி தேவைப்படாது.

அந்தச் சிறிய உயிர்கள் யார்? குட்டி வல்லூறு: பதினைந்து சென்டிமீட்டர் நீளம், உலகின் மிகச் சிறிய வேட்டைப் பறவைகளில் ஒன்று, மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுப்போன பொந்தில்தான் முட்டையிடும். அரிசோனாக் கள்ளியின் குட்டி ஆந்தை அங்கே எந்த இடத்தில் இருக்கிறதோ, மலாயாவில் அந்த இடத்தில் இருப்பது இது. எடைகூட ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குப் பிறகு நீண்ட வால் கிளி. உயரமான பட்ட மரப் பொந்துகளை நம்பும் அந்தக் கிளியும் குறைந்து வருகிறது. முராய் என்று இந்நாட்டில் எல்லோரும் அழைக்கும் குண்டுகரிச்சான், பொந்திலும் இடுக்கிலும் கூடு கட்டும் பாடகன்; கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டு வாடுவதோடு வீட்டுப் பஞ்சமும் அதைத் துரத்துகிறது. அணில், மரப்பல்லி, கொடுக்கில்லாத கொசுத்தேனீ என்று பட்டியல் நீளும். கெலுலுட் தேன் என்று இன்று நல்ல விலைக்கு விற்கப்படுவது அந்தத் தேனீயின் தேன்தான். அதன் இயற்கைக் குடியிருப்பு மரப்பொந்து.

பொந்துக்கு அடிதடியும் உண்டு. அரிசோனாவில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மைனா இனத்துப் பறவை, ஹீலா மரங்கொத்தி மாதக்கணக்கில் காத்திருந்து உருவாக்கிய பொந்தைப் பிடுங்கிக்கொள்கிறது. மலாக்காவில் அந்த வேலையை மைனாக்கள் செய்கின்றன. பொந்து நிறைய இருந்தால் போட்டி தாங்கக்கூடியது. ஒரு வட்டாரத்துக்கே ஒன்றிரண்டு பொந்து என்றால் கூச்சப்படும் பறவை தோற்றுப்போகும்.

கிழ மரம் போனபின் வருந்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களின் முதிய பைன் காடுகளில் சிவப்புக் குஞ்ச மரங்கொத்தி என்றொரு பறவை. உயிருள்ள, ஆனால் உள்ளே காளான் பிடித்த முதிய பைனில் மட்டுமே குடையும். ஒரு பொந்தை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். மரம் வெட்டுவோர் முதிய பைனைத் தீர்த்துவிட, பறவை அழிவின் விளிம்புக்குப் போனது. 1989இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மாரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. அதற்குப் பிறகு மனிதர்களே ஏணி வைத்து ஏறி, உயிர் மரத்தில் சதுரமாக வெட்டி, செயற்கைப் பொந்துப் பெட்டிகளை அதில் செருகினார்கள். பறவை தப்பியது. 2024இல் அதன் அபாய நிலை ஒரு படி குறைத்து அறிவிக்கப்பட்டது. அதற்கு ஐம்பது ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் செலவாயின. மலாக்காவில் இன்னும் மரம் நிற்கிறது. நிற்கும் மரத்தை விட்டுவைக்க ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரிசோனாவில் சாகுவாரோவை அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். சொந்த நிலத்தில் நிற்கும் கள்ளியை அகற்றவும் அரசுக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். 1933இலேயே அந்தக் கள்ளிக்கென்று ஒரு காப்பகம் ஒதுக்கினார்கள். 1994இல் அது தேசியப் பூங்காவானது. மலேசியாவிலும் சட்டம் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரங்கொத்திகள் பாதுகாக்கப்பட்ட பறவைகள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவுகள், 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகார அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கின்றன. நல்ல சட்டம். ஆனால் அதே சட்டம் ஒரு விலக்கையும் தருகிறது: செத்த மரத்துக்கும் சாகும் நிலையிலுள்ள மரத்துக்கும் அனுமதி வேண்டாம். பறவைக்குப் பாதுகாப்பு, அது குடியிருக்கும் மரத்துக்குப் பாதுகாப்பில்லை. இந்த விலக்கைத் திருத்த வேண்டும். ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை வெட்டுமுன் அதில் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதையாவது கட்டாயமாக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகிகளின் மறுப்பை மதிக்காமல் இந்த வாதத்தை முடிக்க முடியாது. அவர்களிடம் நியாயமான காரணங்கள் உண்டு. செத்த செம்பனையும் மட்கிய தென்னையும் காண்டாமிருக வண்டுக்குப் பிறப்பிடம். அந்த வண்டு இளங்குருத்தைத் துளைத்து மறுநடவுப் பயிரைக் கெடுக்கும். பால்மரத்தில் வெள்ளை வேர்நோய், செத்த மரத்தின் வேரிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவும். உளுத்த கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. கீழே நின்று வேலை செய்பவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு? இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வேலை செய்பவரின் உயிரைவிடப் பறவையின் கூடு பெரிதென்று யாரும் சொல்லவும் கூடாது.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் நிரைக்குள் நிற்கும் மரத்தைப் பற்றியவை. தோட்டம் என்பது நிரை மட்டுமல்ல. ஆற்றங்கரை உண்டு, நடவு செய்யத் தகாத சரிவு உண்டு, கோயில் நிலம் உண்டு, பழைய லயத்தைச் சுற்றி நட்ட மாவும் பலாவும் உண்டு, எல்லையோரத்தில் யாரும் நடாமல் வளர்ந்த காட்டு மரம் உண்டு. மலாக்கா ஆறும் கெசாங் ஆறும் லிங்கி ஆறும் அவற்றின் கிளைகளும் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகின்றன. கரையோரத்தில் ஒரு பட்டையை நடாமல் விடுவது நல்ல தோட்ட நடைமுறையாக ஏற்கப்பட்டதுதான். 2020 தொடக்கம் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் உயிர்ப் பன்மையைப் பேணச் சொல்கிறது. அந்தக் கரையில், அந்தச் சரிவில், பட்ட மரத்தை விட்டுவைப்பதால் வண்டோ வேர்நோயோ நிரைக்குள் பெருகிவிடப் போவதில்லை. பனையினத்தை விட்டுவிட்டு மற்ற மரங்களை மட்டும் நிற்கவைத்தால் வண்டுக் கவலையும் தீர்ந்தது.

நகரத்திலும் வழி இருக்கிறது. சாலையோரத்தில், பள்ளித் திடலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் பட்டுவிட்டால் வேரோடு பிடுங்குவது ஒன்றே வழியல்ல. முறியக்கூடிய கிளைகளைக் கழித்து, மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் நிற்க விடலாம். விழுந்தாலும் யாரையும் எட்டாத இடமாகப் பார்த்து விடலாம். பல நாடுகளின் பூங்காக்களில் இது வழக்கமாகிவிட்ட முறை. மலாக்கா மாநகர் மன்றமும் ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்களும் ஆயர் குரோ தாவரப் பூங்கா போன்ற இடத்தில் இதைத் தொடங்கலாம். தஞ்சோங் துவானில் மலேசிய இயற்கைச் சங்கம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடத்தும் பறவை விழாவுக்கு, சுமாத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் வேட்டைப் பறவைகளைக் காண நாடெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். வானத்தில் கடந்து போகும் பறவைக்கு அவ்வளவு ஆர்வம் காட்டும் மாநிலம், வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பறவைக்கு ஓர் அடிமரத்தைத் தரக்கூடாதா?

தமிழர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. மலாக்காவில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் பெயர்ந்த தலைமுறை இது. இன்று செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துப் பறவையின் பெயரும் குரலும் அறிந்த தமிழ்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். ஆனால் நிலத்தின்மீது தமிழர் கை முழுதும் விட்டுப்போகவில்லை. தோட்டத்து முனீஸ்வரனும் மாரியம்மனும் எழுந்தருளியிருக்கும் இடங்களில்தான் வட்டாரத்தின் மிக முதிய அரசும் ஆலும் நிற்கின்றன. பக்தி காத்த மரங்கள் அவை. கோயிலை விரிவுபடுத்த, சிமெண்டுத் தளம் போட, அவற்றின் காய்ந்த கிளைகளும் அடிமரமும் வெட்டப்படுவதுதான் வேதனை. திருப்பணி என்பது மண்டபத்தோடு நிற்காமல் தலவிருட்சத்தையும் அதில் வாழும் உயிரையும் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

பள்ளிகளும் அப்படியே. புக்கிட் லிந்தாங், கெமுனிங், தெபோங், காடேக், டைமண்ட் ஜூபிலி என்று தோட்டத்தின் பெயரை இன்றும் சுமந்து நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் மலாக்காவில் இருக்கின்றன. ஒரு பட்ட மரத்தைப் பள்ளி வேலியோரத்தில் வைத்து, எந்தப் பறவை வருகிறது, எப்போது குடைகிறது, யார் பின்னால் குடியேறுகிறார்கள் என்று மாணவர்கள் ஆண்டு முழுவதும் எழுதிவைத்தால், அறிவியல் பாடத்துக்கு அதைவிட நல்ல களம் கிடைக்காது. அப்படிப்பட்ட பதிவேடு இல்லாததால்தான் மலாக்காத் தோட்டங்களின் பறவைகளைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் தாய்லாந்து ஆய்வையும் நெகிரி செம்பிலான் காட்டையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று கட்டிய அமைப்பு. ஒரு குடும்பத்தின் வீடு அதன் கூலியோடு சேர்ந்து பறிபோவது எப்படிப்பட்டது என்று தெரிந்த மக்களின் சொத்து அது. தன் தோட்டங்களில் மறுநடவு வரும்போது, ஆற்றோரமும் சரிவும் எல்லையும் ஆகிய இடங்களில் பட்ட மரங்களையும் முதிய மரங்களையும் குறித்துவைத்து விட்டுவிடுவது என்று அந்தச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், பெரிய தனியார் நிறுவனங்களும் திரும்பிப் பார்க்கும்.

மலாக்காவின் தோட்ட நிர்வாகிகளும் கோயில் தலைவர்களும் பள்ளி வாரியத்தினரும் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். ரம்பத்தை எடுப்பதற்கு முன் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, மேலே பொந்து இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால், ஆபத்தான கிளையை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை விட்டுவிடுங்கள்.